சத்தமில்லாத வண்டி

வின்சென்ட்டின் பழைய கார் தேனியில் கிளம்பினால் வீரபாண்டியில் இருப்பவனுக்குக் கேட்கும் என்று பள்ளிக்கூடத்து ஸ்டாஃப் ரூமில் கேலி பேசுவார்கள். பேசுகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வருகிறவர்கள் என்பதால் அவன் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் கேலியில் பொய் கிடையாது. மெரூன் நிற டீசல் வண்டி. சாவியைத் திருகினால் மாவு மில் ஓடுவதுபோலத் தடதடவென்று ஆரம்பிக்கும். மூன்றாவது கியர் போட்டால் விசில் ஒன்று கூடவே சேர்ந்துகொள்ளும். அந்த விசில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் மெக்கானிக் மொக்கைச்சாமியே கையை விரித்துவிட்டான்.

அந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தது. ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் துரு தின்ற அடிப்பாகத்துக்கு வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, ஆபீஸர் முன்னால் மாப்பிள்ளைபோல நிறுத்த வேண்டும். இந்த நேரம் பார்த்துத்தான் ஷோரூம்காரர்கள் தீபாவளி எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் போட்டார்கள். ஓட்டை உடைசல் எதுவானாலும் கொண்டுவந்து விடு, சின்ன எஸ்யூவி ஒன்றை எடுத்துக்கொண்டு போ என்றார்கள். கார் என்றும் சொல்ல முடியாது, ஜீப் என்றும் சொல்ல முடியாது, இரண்டுக்கும் நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற ஒரு வண்டி. வின்சென்ட்டுக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. பிசிக்ஸ் வாத்தியார் ஒருத்தன் இதற்குக்கூடவா ஆசைப்படக் கூடாது?

மனைவி ஹேமாவதிதான் பிடிகொடுக்கவில்லை. வெல்டிங் வைத்தே ஓட்டலாம் என்றாள். வண்டிக்கு என்ன குறைச்சல் என்றாள். வண்டிக்கு என்னென்ன குறைச்சல் என்று வின்சென்ட் விரல் விட்டு எண்ணிக்காட்டியதும் வாயை மூடிக்கொண்டாள். ஆஸ்பத்திரி லேபில் ஊர் ரத்தத்தையெல்லாம் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள், தன் மனசில் இருப்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். கடைசியில், எடுப்பதானால் அதே மெரூனில் எடுங்கள் என்றாள். மெரூனுக்கு இரண்டு மாதம் ஆகும், வெள்ளை என்றால் ஸ்டாக்கிலேயே நிற்கிறது, ஆஃபர் இந்த வாரத்தோடு சரி என்று ஷோரூம் ஆள் சொன்னான். வின்சென்ட் அவளைத் திரும்பிப் பார்க்காமலே வெள்ளைக்குத் தலையாட்டிவிட்டான்.

டெலிவரி அன்று கேக் வெட்டினார்கள். ஆளுயரத்துக்கு ஓர் அட்டைச் சாவியை மூன்று பேர் கையிலும் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். மகள் பெனிட்டா ஸீட் கவரின் பாலித்தீனைக் கிழிக்க விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஹேமாவதி மட்டும் ஷோரூமுக்குப் பின்பக்கம் போய், ஓரமாக நின்ற பழைய வண்டியின் பானெட்மேல் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். பொம்பளை மனசு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தான் அந்தப் புத்திசாலி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறு என்றால் மூவரும் ராயப்பன்பட்டிக்குப் போவார்கள். அங்கே மாதா கோயிலில் பூசை கண்டு, வின்சென்ட்டின் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் தேனி திரும்புவது வழக்கம். பைபாஸில் போனால் சுருக்கப் போகலாம். ஆனால் ஹேமாவதி ஒருநாளும் பைபாஸில் விட்டதில்லை. சின்னமனூருக்குள் நுழைந்து பழைய ரோட்டிலேதான் போக வேண்டும். காரணம் அவள் அப்பா சுருளியாண்டி.

சுருளியாண்டி மார்க்கையன்கோட்டைக்காரர். அவருடைய வாழைத்தோட்டம் சின்னமனூர் தாண்டி அந்தப் பழைய ரோட்டை ஒட்டியே இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியக்காலை, அந்த மெரூன் வண்டி அவர் தெருவுக்குள் வந்து, அவர் மகளை ஏற்றிக்கொண்டு, தெருவையே எழுப்பிவிட்டுப் போனது. எனக்கு மகளே இல்லை என்று அன்றைக்குத் தலைமுழுகியவர்தான். பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. கல்யாணமான மறுவருஷம் ஒரு தடவை தோட்டத்துப் பக்கம் வண்டியை நிறுத்தி ஹேமாவதி இறங்கினாள். மனுஷன் மம்பட்டியைப் போட்டுவிட்டு மோட்டார் ரூமுக்கு நடந்தவர், ஒரு மாதத்துக்கு ரோட்டோரப் பாத்திப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. அதிலிருந்து அவர்கள் அங்கே வண்டியை நிறுத்துவதில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு கடந்து போவார்கள். அவர் ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் திரும்பியதில்லை. இந்த முதுகைப் பார்க்கவா ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறோம் என்று வின்சென்ட் மனசுக்குள் கறுவிக்கொள்வான்.

புது வண்டியும் தோட்டத்தைக் கடந்தது. ஏசி குளுகுளுவென்றிருந்தது; வண்டி ஓடுவதே தெரியவில்லை. சுருளியாண்டி வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு கொத்திக்கொண்டிருந்தார். உத்தமபாளையம் தாண்டியபோதுதான், பக்கத்து ஸீட்டில் ஹேமாவதி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுவதை வின்சென்ட் பார்த்தான். வண்டியை ஓரங்கட்டினான்.

“மம்பட்டி நிக்கலங்க” என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

“நம்ம வண்டிச் சத்தம் கேட்டா எங்கப்பாவோட மம்பட்டி நின்னுரும். ஓங்குன கை ஓங்குனபடியே நிக்கும். நாம தாண்டுனப்பறந்தேன் மண்ணுல விழும். எட்டு வருசமா அவுக எனக்குன்னு செஞ்சது அது ஒண்ணுதேன்.”

ஞாயிற்றுக்கிழமையானால் தண்ணீர் பாய்ச்சல் எங்கே இருந்தாலும் அவர் ரோட்டோரப் பாத்திக்கு வந்துவிடுவார் என்று அம்மா கருத்தம்மாள் போனில் சொன்னதையும் அப்போதுதான் சொன்னாள். அப்பா வெளியே போன நேரம் பார்த்து அம்மாவும் மகளும் பேசிக்கொள்வது உண்டு. இத்தனை வருஷம் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று வின்சென்ட் கேட்டான். “சொன்னா நீங்க எறங்கிப் போயி அவுக கால்ல விழுந்துருவீக. அதோட அவுக அதையும் விட்ருவாக” என்றாள். அவள் சொன்னது உண்மைதான். அவன் விழுந்திருப்பான்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் ஷோரூமுக்கு ஓடினான். பழைய வண்டியைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டவனை அவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். புரோக்கரின் நம்பர் கிடைத்தது. வண்டியை உடைக்கக் கொடுத்தாயிற்று, இந்நேரம் கதவு ஓர் ஊரிலும் என்ஜின் ஓர் ஊரிலும் இருக்கும் என்றான் அவன். வின்சென்ட் விடவில்லை. மொக்கைச்சாமியிடம் போய், புது வண்டிக்குப் பழைய வண்டியின் சத்தத்தைக் கொண்டுவர ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“சத்தத்தக் கொறைக்கச் சொல்லித்தேன் எல்லாரும் எங்கிட்ட வாராக” என்றான் மொக்கைச்சாமி. “சத்தம் போட வைக்கச் சொல்லி வந்தது நீங்க ஒரு ஆளுதேன் சார்.”

சைலன்ஸரில் ஓட்டை போடலாம், ஆனால் வாரண்டி போய்விடும், வழியில் போலீஸும் பிடிப்பான் என்று விளக்கினான். அப்படியே ஓட்டை போட்டாலும் பெட்ரோல் வண்டி பெட்ரோல் வண்டி மாதிரிதான் கத்தும், டீசல் மாதிரி கத்தாது என்றும் சொன்னான்.

நேரே போய், வண்டி மாறிவிட்டது என்று சொல்லிவிடலாமே என்று யாரும் சொல்லிவிடலாம். சொன்னால் என்ன ஆகும்? திரும்பிப் பார்க்காமலே தெரிந்துகொள்ள முடிந்தது என்பதால்தான் அந்த மனுஷனால் எட்டு வருஷம் நிற்க முடிந்தது. முகத்துக்கு நேரே போய், நீங்கள் எனக்காக நிற்பது எனக்குத் தெரியும் என்று சொன்னால், ஊர் அறியத் தலைமுழுகியவர் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மறுபடியும் மோட்டார் ரூமுக்குத்தான் நடக்க வேண்டும். ஹேமாவதி அடுத்த வாரத்திலிருந்து பைபாஸிலேயே போகச் சொல்லிவிட்டாள். கண்ணைக் கொண்டு அதைப் பார்க்க முடியவில்லை என்றாள்.

கருத்தம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்கிற சாக்கில் குரலை உயர்த்தியிருக்கிறாள்: “ஹேமா வீட்ல பழைய வண்டியக் குடுத்துப்புட்டு புதுசு எடுத்திருக்காகளாம். வெள்ளைக் காராம்ல, ஒசரமா.” சுருளியாண்டி தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இதை அம்மா போனில் சொன்னபோது ஹேமாவதியின் முகத்தில் வெகு நாளைக்குப் பிறகு வெளிச்சம் வந்தது. வருகிற ஞாயிறு பழைய ரோட்டில் போவோம் என்றாள்.

அந்த ஞாயிறு பார்த்துப் பெனிட்டாவுக்குக் காய்ச்சல். நீங்கள் மட்டுமாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று ஹேமாவதி அனுப்பிவைத்தாள்.

கார்த்திகை மாதம். சபரிமலைக்குப் போகிற வண்டிகள் குமுளி ரோட்டில் எறும்புச் சாரையாகப் போய்க்கொண்டிருந்தன. பாதி வண்டிகள் பைபாஸை விட்டுவிட்டு, டீ குடிக்கவும் குளிக்கவும் ஊருக்குள் வந்திருந்தன. வின்சென்ட் தோட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பார்த்தான். தூரத்தில் சுருளியாண்டியின் முதுகு தெரிந்தது. ரோட்டோரப் பாத்திதான். இன்றைக்குத் தலையைக் கொஞ்சம் சாய்த்து, கடைக்கண்ணால் ரோட்டைப் பார்க்கும்படி நின்றிருந்தார்.

வெள்ளை எஸ்யூவி ஒன்று, முகப்பில் மாலையோடு, விர்ரென்று போனது. மம்பட்டி உயர்ந்தது, நின்றது. வண்டி போனதும் விழுந்தது. பின்னாலேயே இன்னொரு வெள்ளை. மறுபடி நின்றது. சிவப்பு ஒன்று போனது, நிற்கவில்லை. ஒரு லாரி போனது, நிற்கவில்லை. கேரளா நம்பர் போட்ட வெள்ளை ஒன்று வந்தது, நின்றது.

“பெரியவருக்கு என்னமோ ஆயிப்போச்சு” என்றார் டீக்கடைக்காரர். “நாலஞ்சு நாளா இப்படித்தேன். விடிஞ்சா வந்து இருட்டுற வரைக்கும் அங்கனயே நிக்காரு.”

வின்சென்ட் டீயை வாங்காமலே வண்டியை எடுத்தான். தோட்டத்தைக் கடக்கும்போது எவ்வளவு மெதுவாகப் போக முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போனான். மம்பட்டி நின்றது. முன்னால் போனவனுக்கு எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம்தான். கண்ணாடியில் பார்த்தான். அவனுக்குப் பின்னால் வந்த வெள்ளை வண்டிக்கும் அது நின்றுகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும், “நின்னுச்சாங்க?” என்றுதான் ஹேமாவதி முதலில் கேட்டாள். நின்றது என்று ஒற்றை வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை. காய்ச்சலில் தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

“முன்னெல்லாம் போறப்ப ஒரு தடவ, வாறப்ப ஒரு தடவ நின்னாப் போதும் அவுகளுக்கு” என்றாள். “இனிமே எத்தன காருக்குங்க நிப்பாக?”