அமுக்கினால்தான் நிற்கும்

எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் நினைவில் இருக்காது. இருக்கத் தேவையில்லை, நான் இருந்தேன். அப்பாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை என்றைக்கு, அம்மாவுக்கு இந்த வாரம் பகல் டியூட்டியா இரவு டியூட்டியா, அண்ணன் வண்டிக்கு ஆயில் மாற்றி எவ்வளவு நாளாயிற்று, கேஸ் சிலிண்டருக்கு எப்போது சொல்லிவைக்க வேண்டும், எல்லாம் என்னிடம்தான். கேட்பார்கள் என்றுகூடச் சொல்ல முடியாது. குளியலறைக்குள்ளிருந்து, செருப்பைத் தேடிக்கொண்டே, வாயில் பிரஷ்ஷோடு, காற்றில் ஒரு கேள்வியை எறிவார்கள். நான் எந்த மூலையில் இருந்தாலும் பதில் வந்துவிட வேண்டும். அண்ணன் எனக்குக் காலண்டர் என்று பெயர் வைத்தான். அது ஒட்டிக்கொண்டது.

அம்மா நர்ஸ். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது ஆஸ்பத்திரிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். ஒரு மாசம் லீவு போடு பாப்பா என்றார் அப்பா. அம்மா எழுந்து நடந்து, வேலைக்கும் போய்விட்டாள். என் லீவு மட்டும் முடியவே இல்லை. யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. வாய் திறந்து கேட்கிற பழக்கம் எனக்கும் கிடையாது. வகுப்பில் பேர் கூப்பிட்டால் பதில் சொல்வதற்கே தொண்டையைக் கனைத்துக்கொள்கிற ஆள் நான்.

அதெல்லாம் நடந்து மூன்று வருஷமாகிவிட்டது. போன மாதம், அண்ணனின் விசிட்டிங் கார்டுகளை வாங்கத் தெருமுனை அச்சகத்துக்குப் போனேன். அச்சகத்தை நடத்துகிற அக்கா, ஆள் வரவில்லை என்று தானே தரையில் உட்கார்ந்து தாள் மடித்துக்கொண்டிருந்தார். அச்சடித்த பெரிய தாளை மடித்து மடித்துப் பக்கங்களாக்கி, வரிசைப்படி அடுக்கித் தைத்தால் அது புத்தகம். கார்டு தயாராகும்வரை சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் நானும் எதிரே உட்கார்ந்து மடித்தேன். புது மையின் வாசனை கையில் ஏறியது. கிளம்பும்போது அக்கா என் அடுக்கைப் பார்த்தார். முனைகள் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தன.

“திங்கட்கிழமையில இருந்து வேலைக்கு வந்துடுறியா? ஒன்பதுக்கு வந்துடணும். லேட்டா வந்தா எனக்குக் கோவம் வரும்” என்றார்.

தலையாட்டிவிட்டேன். எதற்குத் தலையாட்டினோம் என்ற பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

இரவு சாப்பிடும்போது சொன்னேன். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அப்பா கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. கோபப்பட்டிருந்தால் அழுதாவது இருக்கலாம். அவர் ஏதோ நல்ல ஜோக் கேட்டவர்போல அண்ணனைப் பார்த்தார்.

“காலண்டர் வேலைக்குப் போயிட்டா செவுத்துல ஆணி மட்டும்தான்பா இருக்கும்” என்றான் அண்ணன்.

யார் வேண்டாம் என்றது, வேலை பார்ப்பது நல்லதுதான், ஆனால் வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்றார் அப்பா. அவர் குடிநீர் அலுவலகத்தில் சூப்பர்வைசர். ஊருக்குத் தண்ணீர் விடும் நேரமெல்லாம் அவருக்கு அத்துப்படி. வீட்டு மோட்டாரை நிறுத்த மட்டும் நான் வேண்டும். அம்மாவைப் பார்த்தேன். அவள் அன்றைக்குப் பத்துப் பன்னிரண்டு பேரைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்த களைப்பில் கையலம்ப எழுந்துவிட்டாள்.

டிஜிட்டல் டைரி என்று ஒன்று இருக்கிறதே என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்பாவின் ஆபீசர் ஒன்று வைத்திருக்கிறார், சட்டைப்பையில் அடங்கும், நேரம் வந்தால் கூப்பிடும் என்று அப்பாவே எத்தனையோ முறை பொறாமையோடு சொல்லியிருக்கிறார்.

“சரி. நீ பாக்குற அத்தனையும் பாக்குற மாதிரி ஒண்ணு, நம்ம வசதிக்குக் கிடைச்சா, நீ தாராளமா போ. நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

அப்படி ஒன்று கிடைக்காது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் சொன்ன வார்த்தை சொன்னதுதான். மறுநாளே அண்ணனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன்.

கால்குலேட்டர், கைக்கடிகாரம், ரேடியோ எல்லாம் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த சின்னக் கடை. கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். முதலில் எடுத்து வைத்தது பேனா போன்ற குச்சியால் திரையைத் தொடுகிற வகை. அண்ணன் அதில் பாம்பு விளையாட்டு இருப்பதைக் கண்டுபிடித்தான். அப்புறம் அவன் எங்களோடு இல்லை. அடுத்தது தோல் உறை போட்டது. உலகத்தின் எல்லா ஊர்களிலும் மணி என்ன என்று சொல்லும். எங்கள் வீட்டில் மணி என்ன என்பதே எங்களுக்குப் போதும்.

நான் கேள்வி கேட்டால் கடைக்காரர் அண்ணனுக்குப் பதில் சொன்னார். பேட்டரி எவ்வளவு நாள் வரும் என்று நான் கேட்டேன். ஆறு மாசம் வரும் தம்பி என்றார். தம்பி பாம்புக்கு இரை போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு தடவை பொறுத்தேன். மூன்றாவது தடவை கண்ணாடி மேஜையின் நடுவே கையை ஊன்றி, அவருக்கும் அண்ணனுக்கும் குறுக்கே நின்றேன்.

“வாங்கப் போறது நான்தாங்க. மணி அடிச்சா எவ்வளவு நேரம் அடிக்கும்?”

அவர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். குச்சி வைத்தது மூன்று முறை மெல்லக் கூப்பிட்டு அடங்கிவிடும் என்றார். தோல் உறை போட்டது இன்னும் மரியாதையானது. வெளிச்சம் மட்டும் காட்டும். எங்கள் வீட்டில் மெல்லக் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்? மூன்று வருஷமாக நான் மெல்லத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் குறைந்த விலையில் ஏதாவது இருக்கிறதா என்றேன்.

தயங்கி, அடித்தட்டிலிருந்து ஒன்றை எடுத்தார். சாம்பல் நிறம், சோப்புக்கட்டி பருமன், கொட்டை கொட்டையாகப் பொத்தான்கள், டார்ச்சுக்குப் போடுகிற சாதாரண பேட்டரி.

“இதுல ஒரு குறை இருக்கும்மா, சொல்லிடுறேன். நாம அமுக்குற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கும். தானா நிக்காது. வாங்கிட்டுப் போனவங்க ரெண்டு பேரு திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டாங்க.”

“கத்த வைங்க, கேக்கலாம்.”

வைத்தார். ரேடியோ பார்த்துக்கொண்டிருந்தவர் திரும்பினார். அண்ணனின் பாம்பு சுவரில் முட்டிச் செத்தது. கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, நிறுத்தட்டுமா என்று சைகையில் கேட்டார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இதையே கொடுங்கள் என்றேன்.

அதில் இங்கிலீஷ் எழுத்துகள் மட்டும்தான். தமிழை அந்த எழுத்தில் அடித்து ஏற்றினேன். ஒரு வரிக்குக் கொஞ்சம் எழுத்துதான் பிடிக்கும் என்பதால் மரியாதைக்கெல்லாம் இடமில்லை. அப்பா மாத்திரை போடு. அம்மா மாத்திரை போடு. மோட்டார் நிறுத்து. கேஸ் சொல்லு. வண்டி ஆயில் மாற்று. அடித்து முடிக்கும்வரை எனக்கே தெரியாது, இவ்வளவையும் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் நான் தூங்கியிருக்கிறேன் என்பது.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். அடுக்களை அலமாரியில் வைத்தோம். காலையில் அது கத்தியது. அப்பா செய்தித்தாளை விலக்காமலே, பாப்பா அது கத்துது பாரு என்றார். ஓடிப் போய் அமுக்கி, படித்து, உங்க மாத்திரைப்பா என்றேன். அடுத்ததற்கு அண்ணன், காலண்டர், உன் தங்கச்சி அழுறா என்று படுக்கையிலிருந்து குரல் கொடுத்தான். ஓடினேன். மதியம் அம்மாவும், கண்ணு, அதை என்னன்னு பாரேன் என்றாள். அப்போதும் ஓடினேன். சாயங்காலம் அப்பா தீர்ப்புச் சொன்னார்.

“பாத்தியா? அது கத்துது, நீதான் ஓடுற. அதைக் கவனிக்கவே ஒரு ஆள் வேணும். அச்சகத்துல சொல்லிடு, வரலைன்னு.”

அவர் சொன்னதில் தவறே இல்லை. என்னைக் கூப்பிடுவதற்கு நானே ஒரு மெஷின் வாங்கி வந்திருக்கிறேன். இரவு டியூட்டிக்குக் கிளம்பிய அம்மா என் தலையில் கை வைத்துவிட்டுப் போனாள். நான் அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெஷினில் ஒரு குறையும் இல்லை. வைத்த இடம்தான் தப்பு.

திங்கட்கிழமை காலையில் அதை எடுத்து அப்பாவின் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன். ஒளித்து வைக்கவில்லை. அப்பா, டைரி உங்க பையில இருக்கு என்று சத்தமாகவே சொன்னேன். பேனாவைத் தேடிக்கொண்டிருந்தவர் சரி சரி என்றார். வாசல் தாண்டிய பிறகு, “மோட்டார் போட்டிருக்கேன், பாத்துக்க” என்று எறிந்துவிட்டுப் போனார். அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டான். அம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவில்லை, டியூட்டியை நீட்டியிருந்தார்கள்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டி நிறைய அரை மணி நேரம் ஆகும். நான் அதுவரை நின்றால் ஒன்பதுக்குப் போக முடியாது. இப்போதே நிறுத்தினால் மாலையில் வீட்டில் தண்ணீர் இருக்காது, அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டும். சுவிட்சுக்கு நேரே கை போய்விட்டது. பழகிய கை. அதை அங்கேயே கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்து, பிறகு என் பக்கமாக இழுத்துக்கொண்டேன். மோட்டாரைப் போட்டது அப்பா. நிறுத்தச் சொல்லும் டைரியும் அப்பாவிடம் இருக்கிறது. கதவைப் பூட்டினேன்.

அன்றைக்கு நடந்ததையெல்லாம் மாலையில்தான் தெரிந்துகொண்டேன். அலுவலகத்தில் அப்பா நாற்காலியில் உட்காரும்போதே பை கத்தியிருக்கிறது. எதை அமுக்குவது என்று தெரியாமல் பையோடு சேர்த்துக் கட்டிப்பிடித்திருக்கிறார். கடைசியில் ஆபீசரே வந்து அமுக்கி, மோட்டார் நிறுத்து என்று உரக்கப் படித்திருக்கிறார், ‘தண்ணீரை வீணாக்காதீர்’ என்ற போர்டுக்குக் கீழே நின்றுகொண்டு. அப்பா அனுமதி கேட்டு ஓடி வந்தபோது எங்கள் மாடித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தது. திரும்பிப் போனவரை அது விடவில்லை. கேஸ் என்றது, மாத்திரை என்றது, ஆயில் என்றது. ஒவ்வொரு தடவையும் அவரேதான் அமுக்க வேண்டியிருந்தது.

நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டைரி அவர் எதிரே மேஜைமேல் இருந்தது. என் விரல்களில் மை.

“ஆபீஸ்ல என் மானமே போச்சு. நாள் பூரா கத்துது. அதுவும் என்னைப் போடுங்கிறது, நிறுத்துங்கிறது, சொல்லுங்கிறது. பெத்த அப்பனுக்கு ஒரு மரியாதை வேணாம்?”

வழக்கமாக இந்த இடத்தில் நான் தலையைக் குனிந்துகொள்வேன். அன்று காலையிலிருந்து குனிந்து தாள் மடித்துக் கழுத்து வலித்தது. நிமிர்ந்தே நின்றேன்.

“இத்தனையும் எனக்குத் தினம் அடிக்குதுப்பா. உங்களுக்கு இன்னைக்கு ஒரு நாள்தான்.”

அண்ணன் ஏதோ ஜோக் அடிக்க வந்தான். வண்டிக்கு ஆயில் மாத்துனியாடா என்று அப்பா அவன்மேல் பாய்ந்தார். அம்மா மட்டும் அடுக்களை வாசலில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

“நான் மாத்திரை போட்டனான்னு எங்க வார்டுக்கே போன் பண்ணிட்டாரு உங்கப்பா. கல்யாணம் ஆனதுல இருந்து இன்னைக்குத்தான் கேட்டிருக்காரு. எல்லா நர்ஸுங்களும் என்னையே பாத்தாங்க” என்றாள்.

அப்பா எழுந்து உள்ளே போனார். நாளைக்கே இந்தச் சனியனைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று உள்ளிருந்து குரல் வந்தது. கொடுங்கள், ஆனால் நான் ஒன்பதுக்கு அச்சகத்தில் இருப்பேன் என்றேன். அன்று இரவு படுக்கும் முன், டைரியில் புதிதாக ஒரு வரி ஏற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அது கூடத்தில் கத்த ஆரம்பித்தது. ‘பாப்பா வேலைக்குப் போகிறாள்’ என்று அடித்திருந்தேன். யாரோ ஒருவர் எழுந்து போய் அதைப் படித்து, அமுக்க வேண்டும்.

“பாப்பா, கத்துது” என்றார் அப்பா, பழக்கத்தில்.

“காலண்டர், எங்க இருக்க?” என்றான் அண்ணன்.

நான் தெருவில் இறங்கிவிட்டேன். அது கத்திக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைப்பதை நிறுத்திவிட்டு எங்கள் ஜன்னலைப் பார்த்தார். இஸ்திரிக் கடையைத் தாண்டியும் எனக்குக் கேட்டது. திரும்பிவிடலாமா என்று கால் ஒருமுறை கேட்டது. நான் இன்னும் வேகமாக நடந்தேன்.

அச்சகத்துக் கதவை அக்கா திறந்துகொண்டிருந்தபோது சத்தம் நின்றது. யார் அமுக்கினார்கள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.