நாலு மணி நேரப் பசி

ஷர்மினியின் மகன் யுகேந்திரன் பதினோரு நாள்தான் இருந்தான். அவன் போய் மூன்று வருஷம் ஆன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பண்டார் தெங்காரா வீட்டுக்குப் பின்னால் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜொகூர் பாருவிலிருந்து டாக்டர் பிரேமளா என்று ஒருவர் பேசினார். உங்கள் மகனுடைய செல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருக்கின்றன, அது விஷயமாக ஒரு அனுமதி வேண்டும் என்றார்.

“இருக்குதுன்னா?” என்றாள் ஷர்மினி. “உயிரோடவா?”

“ஆமாம்மா. உயிரோடதான்.”

கையிலிருந்த ஈரச் சட்டை மண்ணில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில், பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், தொடையிலிருந்து மிளகளவு தோல் எடுக்கிறோம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். போட்டாள். எதற்கு, ஏன் என்று கேட்கிற புத்தி அன்றைக்கு யாருக்கு இருந்தது? பிள்ளையை அடக்கம் செய்து பல நாள் கழித்துத்தான், அந்தத் தோலை வைத்து வியாதி இன்னதென்று உறுதியாகச் சொன்னார்கள். சாப்பாட்டில் இருக்கிற புரதம் உடம்புக்குள் அமினோ அமிலங்களாக உடையும். அதில் லியூசின் என்று ஒன்று. அதைச் செரித்துத் தீர்க்கிற வழி யுகேந்திரனுக்குப் பிறவியிலேயே இல்லை. தாய்ப்பாலில் இருந்த லியூசினே சேர்ந்து சேர்ந்து அவன் மூளையைக் கெடுத்துவிட்டது.

அதுகூடப் போகட்டும், விதி என்று விட்டுவிடலாம். அவளை இன்றுவரை அறுப்பது வேறொன்று. ஐந்தாம் நாள் பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிஸ்ஸி, ஈரத்துணியை மாற்றும்போது மோந்து பார்த்துவிட்டு, என்ன இது, கருகிய சீனி மாதிரி வாசம் வருகிறதே என்று மலாயில் கேட்டாள். சின்ன வயசு நர்ஸ்தான், ஆனால் கெட்டிக்காரி. ஷர்மினி சிரித்துவிட்டாள். பால் ஊறட்டும் என்று அண்ணி காளியம்மா மூன்று வேளையும் நல்லெண்ணெய் விட்டு வெந்தயக் களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஷர்மினியின் வியர்வையே வெந்தயமாக மணத்தது. “வெந்தயம் லா மிஸ்ஸி! பிள்ளை பெத்தா எங்க ஆளுங்க எல்லாரும் சாப்பிடுவோம்” என்றாள் அவளும் மலாயில். மிஸ்ஸி சிரித்தாள், தலையாட்டினாள், போய்விட்டாள்.

வெந்தயம் தின்ற தாயின் பிள்ளைக்கும் அந்த வாசம் வருமாம். இந்த வியாதி உள்ள பிள்ளைக்கும் அதே வாசம்தானாம். பாவி, நானே என் வாயால் அவளைத் திருப்பி அனுப்பினேனே என்று ஷர்மினி எத்தனை முறை தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்! அதற்கப்புறம் பிள்ளை சோர்ந்து சோர்ந்து போனான். குடித்தால் தெம்பு வரும் என்று உள்ளங்காலைச் சுண்டி எழுப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை விடாமல் பால் கொடுத்தாள்.

கணவன் வசந்தன் சிங்கப்பூரில் வேலை, விடியுமுன்பே ஜொகூர் பாலம் தாண்டுகிறவன். விஷயத்தைச் சொன்னபோது, “நீ என்ன முடிவு பண்ணாலும் சரி, ஷர்மி. என்னால வந்து பார்க்க முடியாது” என்றான். அவள் தனியாகவே போனாள்.

பிரேமளாவுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே தேடுகிற ரகம். இடுப்புயர எஃகுத் தொட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். வெள்ளையாகப் புகை எழுந்தது.

“ஆறு குப்பி உறைய வெச்சோம். அஞ்சு முடிஞ்சிருச்சு. இது கடைசி. செல் என்னதான் வளர்ந்தாலும், இத்தனை தடவைக்கு மேல பிரியாதுன்னு ஒரு அளவு இருக்கு. இதையும் வெளிய எடுத்தா அதோட சரி. அதான் உங்களைக் கேட்காம எடுக்க மனசு வரல.”

“எடுத்து என்ன செய்வீங்க?”

“சொல்றேன். நம்ம செல்லுக்கு வெளிய இருந்து சாப்பாடு வரலைன்னா அது சும்மா உட்கார்ந்திருக்காது. உள்ள இருக்கிற பழசு, உடைஞ்சது, கெட்டுப்போனது எல்லாத்தையும் தானே பிரிச்சு, அதுல கிடைக்கிற அமினோ அமிலத்தை வெச்சுப் புதுசு கட்டிக்கும். வீடு கூட்டிச் சுத்தம் பண்ற மாதிரி. ஆனா பசி வந்தாத்தான் கூட்டும். பசியா இல்லையான்னு அது முக்கியமா லியூசினை வெச்சுத்தான் பார்க்குது. லியூசின் நிறைய இருந்தா, சாப்பாடு வந்திருச்சுன்னு நினைச்சுக் கூட்டுறதை நிறுத்திரும்.”

“அவனுக்கு…”

“அவனுக்கு லியூசின் அளவு குறையவே இல்லையேம்மா. அந்த வேலை உள்ள நின்னு போயிருக்கும்னு நாங்க நினைக்கிறோம். இந்தச் செல்லை நாலு மணி நேரம் பட்டினி போட்டா, அது திரும்ப ஆரம்பிக்குதான்னு பார்க்கணும். ஆரம்பிச்சா, இனிமே பிறக்கிற பிள்ளைங்களுக்கு ஏதாவது செய்ய ஒரு வழி தெரியலாம்.”

பட்டினி என்ற சொல் காதில் விழுந்ததுமே ஷர்மினி எழுந்துவிட்டாள். “வேணாம் டாக்டர். அவன் பாட்டுக்குத் தூங்கட்டும்” என்று சொல்லிவிட்டு, எடுத்த பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வந்துவிட்டாளே தவிர, மனசு அந்தத் தொட்டியடியிலேயே கிடந்தது. கடையில் ரொட்டி வாங்கும்போதும் அதே நினைப்பு, எதிர்வீட்டு ஷாமளாவோடு பேசும்போதும் அதே நினைப்பு. அங்கே இருக்கிறான், இங்கேயிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். வைத்திருந்தால் இருப்பான், ஆனால் உறைந்தபடியேதான் இருப்பான், அவளும் பார்க்கப் போவதில்லை. பார்க்க வேண்டுமானால் எடுக்க வேண்டும், எடுத்தால் முடிந்துவிடும். இது என்ன நியாயம்! ஒன்பதாம் நாள் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு அவனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

“கையெழுத்துப் போடுறேன்” என்று போனில் சொன்னாள். “ஆனா அன்னைக்கு நான் பக்கத்துலயே இருக்கணும்.”

செல்களை எழுப்பி வளர்க்க இரண்டு வாரம் ஆயிற்று. அவளுக்கு வெள்ளை அங்கி மாட்டிவிட்டு, நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்தார் பிரேமளா. ஷர்மினி கண்ணை வைத்தாள். மெல்லிசாக, நீளநீளமாக, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு எத்தனையோ.

“அலமாக், காயப்போட்ட நெத்திலி மாதிரில்ல இருக்குது” என்றாள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. “இதுல எது அவன்?”

“எல்லாமே அவன்தான்.”

செல்கள் ஒட்டி வளர்ந்திருந்த இரண்டு தட்டுகளிலிருந்தும் பழைய திரவத்தைப் பிரேமளா கழுவி எடுத்தார். ஒன்றில் லியூசின் நிறைந்த திரவத்தை ஊற்றினார். மற்றதில் அமினோ அமிலமே இல்லாததை ஊற்றினார். மணி பத்து. இரண்டு மணி வரை காத்திருக்க வேண்டும். சாப்பிட வாங்க என்று கூப்பிட்டதற்கு ஷர்மினி வரவில்லை. பிள்ளை பட்டினி கிடக்கும்போது அவளுக்கு எங்கே சோறு இறங்கும்?

பிரேமளா போன பிறகு அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அந்தப் பட்டினித் தட்டு இருந்தது. பக்கத்து மேசையில், எட்டினால் கிடைக்கிற தூரத்தில், முழுச் சாப்பாட்டுத் திரவம் இளஞ்சிவப்பாய் ஒரு புட்டியில் நின்றது. பன்னிரண்டு அடித்தபோது, மூன்று வருஷமாய்ச் செத்துக் கிடந்த மார்பு விறுவிறுவென்று கூசியது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதல்லவா, அந்த உடம்புக்குப் பால் நேரம் மறக்கவில்லை. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு விட்டால் என்ன? யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் எழுந்தாள். புட்டியைக் கையில் எடுத்தும் விட்டாள்.

கொடுத்துக் கொடுத்துத்தானே அவன் போனான்.

அவள் புட்டியைக் கொண்டுபோய் அறையின் மறுகோடியில் இருந்த அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டாள். “பசிக்குதா யுகா?” என்றாள். “பொறுத்துக்கோடா தங்கம். அம்மா இன்னைக்குக் குடுக்க மாட்டேன். எங்கயும் போகவும் மாட்டேன், இங்கதான் நிக்கிறேன்.”

இரண்டு மணிக்குப் பிரேமளா வந்து, செல் கூட்டுகிற இடத்தில் பச்சையாய் ஒளிரும் சாயம் ஒன்றை விட்டு, சிறிது நேரம் கழித்து விளக்கை அணைத்தார். லியூசின் ஊற்றிய தட்டை முதலில் பார்த்தார்கள். ஒரே இருட்டு. அங்கே ஒன்று இங்கே ஒன்று என்று மங்கலாய்ச் சில புள்ளிகள், அவ்வளவே. பிறகு பட்டினித் தட்டை வைத்தார். பார்த்துவிட்டு நகர்ந்து இடம் விட்டார்.

ஷர்மினி குனிந்தாள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பச்சை பச்சையாய்ப் புள்ளிகள், கொத்துக் கொத்தாய், எண்ண முடியாத அளவு.

“கூட்டுறானா?” என்றாள்.

“கூட்டுறான். யாரும் சொல்லாம அவனேதான் கூட்டுறான்.” பிரேமளா ஒரு சின்னப் புட்டியை எடுத்தார். “அம்மா, எண்ணிப் பதிவு பண்றதுக்கு இப்ப மருந்து ஊத்தி இப்படியே நிறுத்தணும். அதுக்கப்புறம் உயிர் இருக்காது. சொல்லுங்க, எப்ப ஊத்தட்டும்?”

ஷர்மினி கண்ணை எடுக்கவில்லை. அவன் சோர ஆரம்பித்ததிலிருந்து போகும்வரை, எப்படி இருக்கிறான் என்று யார் கேட்டாலும் அவள் அழத்தான் செய்திருக்கிறாள்.

“நல்லா இருக்கான் டாக்டர்” என்றாள். “எம்புள்ள நல்லா இருக்கான். ஊத்துங்க.”