தலைவர் முகம்

தளவாய் செருப்பைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்து நின்றார். அவர் சென்னைப் படக் கம்பெனியின் ஆள். அவர்கள் படங்களில் வரும் பெரிய நடிகரை வாளும் மீசையுமாகப் பொம்மை செய்து விற்க எங்களுக்கு அனுமதி வாங்கித் தந்தவரும் அவர்தான். அனுமதி வந்த அன்றைக்கு எங்கள் ஊர் மேலகரத்தில் வீடு வீடாக மிட்டாய் கொடுத்தோம். கொலுப் பொம்மை வேலையை என் வீட்டுக்காரர் குத்தாலிங்கம் அதோடு விட்டுவிட்டார். காகிதக்கூழை அச்சில் அடிப்பது அவர், முகம் எழுதுவது நான். சீசனில் குற்றாலத்துக் கடைகளில் விற்பதை வைத்துத்தான் வருஷம் முழுக்க எங்கள் உலை கொதித்தது.

இந்த வருஷம் படப்பிடிப்பில் அந்த நடிகர் காலை ஒடித்துக்கொண்டார். வடகரை ரசிகர்மன்றத்துப் பிள்ளைகளுக்குப் பொறுக்கவில்லை. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் உடம்பு நேராகும் என்பது இங்கே எல்லோருக்கும் உள்ள நம்பிக்கைதானே? தலைவர் வர முடியாது, பொம்மையாவது குளிக்கட்டும் என்று அதற்கு உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்து, மேளத்தோடு கொண்டுபோய்ப் பேரருவியில் காட்டிவிட்டார்கள், பாவிகள்! கண் வழிந்து, மூக்கு கரைந்து, தாடை தொங்கிப்போனது. ஒருவன் அதைப் போட்டோ பிடித்துப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டான்.

“அவரு ஆஸ்பத்திரியில கெடக்காரு. மூஞ்சி கரைஞ்ச படத்தப் பாத்துட்டு அவுக அம்மா மயங்கி விழுந்துட்டாகளாம்,” என்றார் தளவாய். “ஒங்க அனுமதி ரத்து. இனிமே பம்பாய்ல பிளாஸ்டிக்ல செய்வாங்க. அது கரையாது.”

“நாங்களா அண்ணாச்சி அருவியில காட்டச் சொன்னோம்? இந்த சீசன் மட்டுமாவது…” என்றேன் நான்.

“அச்ச ஒடைங்க. கடைக்காரங்ககிட்டயும் சொல்லியாச்சு.”

என் வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அலமாரி நிறையக் காய்ந்த பொம்மைகள் இருந்தன. இதையெல்லாம் என்ன செய்ய என்று கேட்டேன்.

“அவரு மூஞ்சி இல்லன்னா வித்துக்கிடுங்க,” என்றார் தளவாய். அந்த மட்டும் நல்ல மனுஷன்தான்.

ஒன்றின் முகத்தைத் துடைத்துவிட்டுப் போலீஸ்காரனாக எழுதினேன். தளவாய் வாங்கிப் பார்த்தார். “தொப்பி வச்சிருக்காரு, அவ்வளவுதாம்மா. அழிங்க.” அழித்துவிட்டு, மீசையில்லாமல் தலைப்பாகையோடு எழுதினேன். அதிலும் அந்த நடிகரேதான் சிரித்தார். கை என் கையா, அவர் கையா என்றே தெரியவில்லை. அழுகை வந்தது.

“ஏட்டி மங்களம், வேற யாரையாவது நெனச்சு எழுதேன்,” என்றார் என் வீட்டுக்காரர்.

“நெனச்சுத்தான் எழுதுதேன்! இங்கன வெளிச்சத்துல வந்து உக்காருங்க.”

அவர் வந்து உட்கார்ந்தார். ஒட்டிய கன்னம், நரைத்த புருவம், சப்பை மூக்கு. ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து எழுதி நீட்டினேன்.

அவர் அதை மடியில் வைத்துப் பார்த்தார். நரைத்த புருவத்துக்குக் கீழேயும் அந்த நடிகரேதான் சிரித்தார். தளவாய் வாயைத் திறக்குமுன் தானே ஈரத்துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். சாயம் போய், உள்ளே இருந்த காகிதம் தெரிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.