‘மாற்றமில்லை’ என்ற பொத்தான்

வார்டில் அவளுக்குச் ‘சூறாவளி’ என்று பெயர். பதினான்கு வருட நர்ஸ். முன்பெல்லாம் பன்னிரண்டு கட்டிலையும் அரை மணி நேரத்தில் சுற்றி வந்து, யாருக்குக் காய்ச்சல், யாருக்குத் தூக்கமில்லை என்று விரல் நுனியில் வைத்திருப்பாள். கம்ப்யூட்டர் வந்த பிறகு சூறாவளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டுமே! டாக்டர் எழுதிய மாத்திரையைக் கொடுக்கக்கூட அந்தத் திரையின் தயவு வேண்டும். ரத்த அழுத்தத்தைப் பதியப் போனால், நோயாளி கட்டிலிலிருந்து விழுவாரா என்று ஏழு கேள்வி கேட்கும். ஏழுக்கும் பதில் சொல்லி முடித்தால், நேரமாகிவிட்டது, மறுபடி பாஸ்வேர்டு போடு என்று வெளியே தள்ளும். பத்து மணிக்குள் பதிவு முடிந்து, திரையில் பன்னிரண்டு பெயரும் பச்சையாகாவிட்டால் மேட்ரன் போனில் பிடித்துக்கொள்வார். இந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்தவன் வாழ்நாளில் ஒரு நோயாளியையாவது தொட்டிருப்பானா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் எல்லா நர்ஸும் செய்வதையே அவளும் செய்தாள். திரையின் மூலையில் ‘மாற்றமில்லை’ என்று ஒரு பொத்தான். அழுத்தினால் முந்தைய ஷிப்டில் எழுதியது அப்படியே இந்த ஷிப்டுக்கும் வந்துவிடும். முதலில் அழுத்திப் பச்சையாக்கிவிட்டு, பிறகு கட்டிலுக்குப் போய்ப் பார்த்துத் திருத்துவார்கள், நேரம் கிடைத்தால்.

அன்று காலை எட்டு மணிக்கு ஆறாம் கட்டில் பஸ் டிரைவரின் மனைவி வந்து நின்றாள். அவருக்கு முந்தாநாள்தான் குடலில் ஆபரேஷன் நடந்திருந்தது.

“சிஸ்டர், வயிறு வலிக்குதுன்னு சொல்றாரு.”

“இதோ வர்றேம்மா.” திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

ஒன்பதரைக்கு டிரைவரின் மனைவி மறுபடி வந்தாள். “அஞ்சே நிமிஷம்மா.” பத்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு பேருக்கும் சூறாவளி பொத்தானை அழுத்தினாள். ஆறாம் கட்டிலுக்கு நேரே ‘வலி: இல்லை’ என்று வந்து நின்றது.

பதினொன்றரைக்குத்தான் அந்தப் பக்கம் போக முடிந்தது. டிரைவரின் வயிறு பலகையாக இறுகியிருந்தது. உடம்பு கொதித்தது, நாடி தறிகெட்டு ஓடியது. உள்ளே போட்ட தையல் விட்டுவிட்டது என்று அவள் கைக்குத் தெரிந்துவிட்டது. ஓடிப்போய் ஆபரேஷன் செய்த டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

அவர் தன் அறையில் அதே பதிவைத் திறந்து பார்த்தார். “பத்து மணிக்கு வலி இல்லைன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க? இப்ப வந்த வலின்னா வாயுவா இருக்கும். ஒரு ஊசி போடுங்க, ஒரு மணிக்கு வந்து பார்க்கறேன்.”

உண்மையைச் சொன்னால் வேலைக்கே உலை. சொல்லாவிட்டால் அந்த மனிதர் ஒரு மணி வரை தாங்க மாட்டார். பாழாய்ப்போன பொத்தானே என்று மனதுக்குள் திட்டினாள். ஆனால் அழுத்தியது அவள் விரல்தானே!

“டாக்டர், நான் பார்க்காமலே போட்டேன். எட்டு மணியிலேருந்தே வலி. உடனே வாங்க.”

எதிர்முனையில் போன் வைக்கப்பட்டது. நாலே நிமிடத்தில் டாக்டர் தலைதெறிக்க ஓடி வந்தார். வயிற்றைத் தொட்டதுமே ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, “உங்ககிட்ட அப்புறம் பேசறேன்” என்றபடி தள்ளுவண்டியோடு போனார்.

பதிவைத் திருத்த உட்கார்ந்தாள். திருத்தக் காரணம் என்ன என்று கேட்டது திரை. தட்டச்சுப் பிழையா, வேறு நோயாளியா, தவறான நேரமா? அவள் செய்ததற்கு அதில் இடமில்லை.

டிரைவரின் மனைவி எதிரே வந்து நின்றாள். போனில் பேசியதை அவள் கேட்டிருந்தாள். கன்னத்தில் அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் சூறாவளி எழுந்து நின்றாள்.

“எட்டு மணிக்கே கத்தி ஊரைக் கூட்டணும்னு தோணுச்சு சிஸ்டர்,” என்றாள் அவள் மெதுவாக. “நீங்க தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தீங்க. அவரைப் பத்தித்தான் எழுதறீங்கன்னு நினைச்சு, சும்மா இருந்துட்டேன்.”