ஊதச் சொன்னவள் வாங்கி வந்த பாட்டில்

1

இந்தக் கதை என் அண்ணி கொடுத்தது. அவர் அவசரப் பிரிவில் நர்ஸ். "இதையாவது ஒழுங்கா எழுது" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் இப்படி ஆரம்பித்தேன்: 'மரணம் ஒரு வெண்ணிறப் பனியாக அவர் விழிகளில்...'

வேண்டாம். அண்ணி படித்தால் சிரிப்பார். நேராகவே சொல்கிறேன்.

2

மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிறவர் ஒருவர். மாலையில் வீடு திரும்பினால் மனைவி வாசலிலேயே நிறுத்தி, "ஊதுங்க" என்பாள். குடித்த வாசம் வந்தால் வீடு ரெண்டுபடும். பார்த்தார் மனிதர். பட்டறையில் அரக்கு கரைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் வடிகட்டிக் குடித்தார். விஷம் பஞ்சில் தங்கிவிடும் என்று அவர் பட்டறையில் ஒரு நம்பிக்கை. (தங்காது. ஸ்பிரிட்டில் இருக்கும் விஷமான மெத்தனால் பஞ்சு வழியே தண்ணீர் மாதிரி இறங்கிவிடும்.) ஸ்பிரிட் குடிப்பதில் அவருக்கு ஒரு வசதியும் இருந்தது.

"என்ன நாத்தம் இது?"

"வேலை நாத்தம்மா."

பாவம், நம்பிவிட்டாள்.

3

மறுநாள் காலையில் வாந்தி. அப்புறம், "லைட்டைப் போடேன், எல்லாம் வெள்ளையா புகை மாதிரி இருக்கு" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கையில் கிடைத்த [          ] நிற ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். (நிறத்தைப் பிறகு போட்டுக்கொள்கிறேன்.)

டாக்டர் சின்ன வயதுப் பெண். "மாத்து மருந்து வெளியூர்லேருந்து வரணும். டயாலிசிஸ் மெஷினும் இப்ப காலியில்ல. அதுவரைக்கும் ஒரு வழி இருக்கும்மா. நல்ல பிராந்தி, சீல் உடைக்காத பாட்டிலா வாங்கிட்டு வாங்க."

"எனக்குச் சரியாக் கேக்கலை டாக்டர்."

"சரியாத்தான் கேட்டுது. முள்ளை முள்ளால எடுக்கிறோம். ஈரல் நல்ல சரக்கைத்தான் முதல்ல கவனிக்கும். மத்தது விஷமா மாறாம வரிசையில நிக்கும். அதுக்குள்ள மெஷின்ல கழுவி எடுத்துடலாம். நாங்க அளந்து, குழாய் வழியாக் குடுப்போம்."

"பொழைச்சுடுவாரா?"

"பொழைச்சுடுவாருன்னுதான் நினைக்கிறேன். கண்ணைப் பத்தித்தான் இப்ப ஒண்ணும் சொல்ல முடியல."

4

[அவளுடைய மனப்போராட்டத்தை இங்கே ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அண்ணி சொன்னார்: "போராட்டமா? அவங்க ஓடினாங்க."]

பாட்டிலைக் கண்டால் சாக்கடையில் கவிழ்த்தே பழகியவள், கடை முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

"எது வேணும்க்கா?"

"இருக்கிறதுலயே நல்லதா ஒண்ணு. ஆஸ்பத்திரிக்கு."

கடைக்காரர் உடனே எடுத்துக் கொடுத்தார்.

"நான் கொட்டாம இருந்திருந்தா நல்லதையே குடிச்சிருப்பாரே" என்று அண்ணியிடம் அழுதாளாம்.

"குடிச்சது அவரு. நீங்க எதுக்கு அழறீங்க? பாட்டிலைக் குடுங்க."

5

எழுதிப் பார்த்த முடிவுகளில் ஒன்றில் அவர் செத்துப்போனார். அவளை நினைத்ததும் கிழித்துப்போட்டேன். இன்னொன்றில் திருந்தி மேடையேறிப் பேசினார். அது அவர் குணத்துக்கு ஒட்டவில்லை. மிஞ்சியது அண்ணி சொன்ன இதுதான்.

டயாலிசிஸ் முடிந்து படுத்திருக்கிறார். அவள் காலடிச் சத்தம் கேட்டதும், பழக்கதோஷத்தில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்புகிறார்.

"இந்தப் பக்கம் திரும்புங்க. இன்னிக்கு ஊத வேண்டாம். நான்தானே வாங்கிக் குடுத்தேன்."

திரும்புகிறார். கண்கள் அவளைத் தேடுகின்றன.

"நான் என்ன கலர் போட்டிருக்கேன், சொல்லுங்க."

அவர் வாயைத் திறக்கிறார். அண்ணி இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். டியூட்டி முடிந்துவிட்டதாம். ஸ்வெட்டர் நிறத்துக்கு விட்டிருந்த அந்த அடைப்புக்குறியை நானும் நிரப்பவில்லை. இல்லாத நிறத்தை மனிதர் எப்படிப் பார்ப்பார்?

நீங்கள் ஒரு நிறம் சொல்லுங்கள். எதுவானாலும் சரி, அதை அவர் பார்த்துவிடுவார். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.