வீடு திரும்பிய புகை

அந்த நகரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து வண்டிகளின் புகை அந்தந்த வண்டிக்காரர் வீட்டுக்கே திரும்பி வர ஆரம்பித்தது. முதலில் வந்தது ஒரு ஸ்கூட்டரின் புகை. கைக்குட்டை அகலம்தான் இருக்கும். நான்காவது மாடி வரை படியேறிப் போய், கதவிடுக்கில் நுழைந்து, சோபாவில் உட்கார்ந்துகொண்டது. பிறகு கார்களுடையது, வாடகை வண்டிகளுடையது, லாரிகளுடையது. காலையில் பொட்டலாகக் கிடந்த இடத்தில் மாலையில் மூன்றாம் தளத்துக்குக் கம்பி கட்டுகிற வேகத்தில் நகரம் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. தபால்காரரே திண்டாடிய புதுத் தெருக்களில் புகை ஒருமுறைகூட வீடு மாறி நுழையவில்லை.

பச்சை பஸ்காரர் வீட்டுக்குப் புகை வந்ததைப் பற்றிப் பிற்பாடு பலரும் பலவிதமாகப் பேசினார்கள். பேசட்டும், நடந்தது இதுதான். நகரத்தில் பாதி ஜனம் ஏறி இறங்கும் பச்சை பஸ்கள் எல்லாம் அந்த ஒரு குடும்பத்துக்குச் சொந்தம். குடும்பத்துக்கு இரண்டு பெருமைகள் உண்டு. கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருகிறவரை விட்டுவிட்டு அவர்கள் பஸ் கிளம்பியதில்லை. வாசலுக்கு வந்தவரை அவர்கள் திருப்பி அனுப்பியதில்லை. ஆகவே பொழுது சாயும் நேரத்தில் கரும்புகை வரிசையாக, முந்தியடிக்காமல் வந்து வாசலில் நின்றபோது, குடும்பத்துப் பெரியவர் இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். "நம்ம வண்டியில பொறந்தது நம்ம வீட்டுக்கு வராம அடுத்தவன் வீட்டுக்கா போகும்?" என்றார். அன்றைக்குச் சாப்பிடும்போது யார் தட்டில் யார் கை வைக்கிறார்கள் என்று தெரியவில்லை. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். கூடம் நிரம்பி, மாடி நிரம்பி, பீரோவுக்குள் மடித்து வைத்த வேட்டிகளெல்லாம் கறுத்துப் போயின.

எதிர்த்தெரு லாரிக்காரர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். லாரிகளையெல்லாம் மாமியார் பேருக்கு மாற்றினார். புகையும் மறுபேச்சில்லாமல் மாமியார் வீட்டுக்குப் போனது. மூன்றாம் நாள் மாமியார் பெட்டி படுக்கையோடு மருமகன் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஆனாலும் லாரிக்காரர் பெரியவரிடம் வந்து, "அண்ணே, நீங்களும் யார் பேருக்காவது மாத்திடுங்க, தலைவலி தீர்ந்துடும்" என்றார். பெரியவர் நிமிர்ந்த முதுகை இன்னும் நிமிர்த்திக்கொண்டார். "எங்க புகையை இன்னொருத்தன் தலையில கட்டுற அளவுக்கு எங்க குடும்பம் இறங்கிப் போகலப்பா."

இந்தச் சமயத்தில்தான் பெரியவருக்குப் பேத்தி பிறந்தாள். மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. குழந்தையோடு நேராக டெப்போவுக்குப் போய் மாடியறையில் தங்கிவிட்டாள். டெப்போ பட்டறை அவள் பொறுப்பில்தான் இருந்தது. புகையெல்லாம் வீட்டுக்குப் போய்விட்டதால், நகரத்திலேயே சுத்தமான இடம் அந்த டெப்போதான். டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு பஸ்களை பேட்டரியில் ஓட்டலாம் என்று அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பெரியவர் காதில் வாங்கவில்லை. அவர் அப்பா முதல் பஸ்ஸை வாங்கிய நாளிலிருந்து அந்த எஞ்சின் உறுமல்தான் அவருக்கு வம்சத்தின் குரல்.

பேத்தியைப் பார்க்கப் போனவரிடம் மருமகள் சொன்னாள்: "மாமா, புள்ள முகம் பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியாத வீட்டுக்கு நான் தூக்கிட்டு வரமாட்டேன்."

"வாசல்ல வந்து நிக்கிறதைப் போன்னு சொல்ற வழக்கம் நம்ம வீட்டுல இல்லம்மா."

"போன்னு யாரு சொல்லச் சொன்னா? கிளம்பாமப் பாத்துக்கோங்க."

பெரியவர் படி இறங்கினார். வீட்டுக்குள் வந்து அப்பா படத்தைத் தேடிச் சுவரெல்லாம் தடவினார். கையில் அகப்பட்டது காலண்டர். அப்புறம் ஜன்னல் கம்பி. அப்பா கிடைக்கவில்லை. மறுநாள் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கிளம்பி, வாசலைத் தாண்டுவதற்குள் சாம்பல் சட்டைக்காரராகி, டெப்போவுக்குப் போய் நின்றார். "பச்சை நிறம் மாறக்கூடாது. ஹாரன் மாறக்கூடாது. ஓடி வர்றவங்களுக்கு நிக்கணும். மத்ததை நீ பாத்துக்கோ" என்று சாவிக்கொத்தைக் கொடுத்தார். அடுத்த நிமிஷமே பட்டறையில் ஸ்பேனர்கள் கலகலத்தன.

முதல் பேட்டரி பஸ் கிளம்பிய காலை நகரத்தில் யாருக்கும் மறக்காது. பூனை நடப்பதுபோல் வந்து நின்றது. நிறுத்தத்தில் ஒருவரும் ஏறவில்லை! உறுமலைக் கேட்டே பஸ் வருகிறது என்று தெரிந்துகொண்டவர்கள், எதிரில் நிற்கும் பஸ்ஸைத் தாண்டி எட்டி எட்டிப் பின்னால் பார்த்தார்கள். பொது இடத்தில் குரல் உயர்த்தியே அறியாத பெரியவர் படிக்கட்டில் தொற்றி நின்று கத்தினார்: "ஏறுங்க, ஏறுங்க! பஸ் வந்தாச்சு!"

"எங்கய்யா வந்துச்சு?" என்றாள் காய்கறிக்கூடைக்காரி.

"நான் என்ன ஆகாயத்துலயா நிக்கிறேன்?"

தெருவே சிரித்தது, சிரித்துக்கொண்டே ஏறியது. அடுத்த நிறுத்தத்தில் ஸ்கூட்டரை அப்படியே ஓரங்கட்டிவிட்டு ஓடி வந்தார்கள். லாரிக்காரரின் மாமியார் ஜன்னலோர இருக்கையைப் பிடித்து, கடைசி நிறுத்தம் வந்தும் இறங்கமாட்டேன் என்றார். கொஞ்ச நாளில் எல்லா பச்சை பஸ்களும் மாறின. நகராட்சி பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கியது, பக்கத்தில் சைக்கிளுக்கு ஒன்று. கார்கள் வீட்டோடு நின்றன. எதிர் வரிசை வீடுகளுக்கு என்ன நிறம் என்று ஜனங்கள் அப்போதுதான் பார்த்தார்கள். பெரியவர் தினமும் படிக்கட்டில் நின்று கூவினார். தேவையில்லாமல் போன பிறகும் கூவினார்.

மாலைகளில் புதிதாகப் புகை வருவது நின்றது. துணை வராததால் கூடத்தில் இருந்த பழைய புகையும் சலித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பி, டீசல் தொட்டி இருந்த இடத்தில் மருமகள் நட்ட மரங்கள் பக்கம் போயிற்று. தானாகக் கிளம்புகிறவரைத் தடுக்கிற வழக்கமும் அந்த வீட்டில் இல்லை. சுவர் தெரிந்தது. அப்பா தெரிந்தார். மருமகளுக்கு ஆள் போனது.

அவள் வருகிற அன்று மாலை, பெரியவர் வாசலில் காத்து நின்றபோது, தெருமுனையில் ஒரு பிடிப் புகை தெரிந்தது. வெளுத்து, மெலிந்து, நின்று நின்று வந்தது. வாசனையிலேயே கண்டுகொண்டார்: அப்பா ஓட்டிய முதல் பஸ்ஸின் புகை. இத்தனை காலம் எங்கெங்கோ சுற்றிவிட்டு இப்போதுதான் வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. அதன் பின்னாலேயே பச்சை பஸ் வந்து நின்றது. பேத்தியோடு மருமகள் இறங்கினாள். பெரியவர் அந்தக் குடும்பத்தில் யாரும் செய்யாததைச் செய்தார். வாசற்படியில் குறுக்கே நின்று, "கொஞ்சம் இருங்கப்பா, மருமககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். புகை செருப்பு விடுமிடத்தில் அடக்கமாக நின்றது.

மருமகள் அதைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். அவர் முதுகு முதல்முறையாகக் கொஞ்சம் வளைந்திருந்தது.

"பெரியவங்களை இப்படியா வெளிய நிக்க வைப்பீங்க? உள்ள கூப்பிடுங்க மாமா. ஆனா மாடிப்படிக்கு அந்தப் பக்கம்தான். தொட்டில் கிட்ட வரக்கூடாது."

குழந்தை முதலில் நுழைந்தது, அதன் பின் புகை. இன்றும் அது மாடிப்படிக்கு அந்தப் பக்கம், அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் கேட்டால், பள்ளிக்கூடம் போகிற பேத்தி, "அது எங்க கொள்ளுத்தாத்தா பஸ்ஸோடது" என்று சொல்லிவிட்டு, மின்விசிறியின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைப்பாள்.