கோச்சுக்கு இன்னும் ஒரு வருஷம்

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்ற ஊருக்குப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் அமெரிக்கன் ஃபுட்பால் கோச்சாக இருந்த ஹார்லன், அணி தோற்ற ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு விரற்கடை மண்ணுக்குள் இறங்கினார். முதல் சீசன் முடிந்தபோது முழங்கால்வரை போயிருந்தார். தோண்டிப் பார்த்தார்கள்; குழியோடு சேர்ந்து அவரும் இறங்கவே விட்டுவிட்டார்கள். எல்லைக்கோட்டுக்கு வெளியே, அவர் நின்ற இடத்திலேயே கூடாரம் போட்டுக் கொடுத்தது நிர்வாகம். மனைவி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்தாள். அணிப் பையன்களுக்கு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

அவரை வைத்திருப்பதா, அனுப்புவதா என்று நவம்பர்தோறும் ஏழு பேர் கூடி முடிவெடுப்பார்கள். ஏழாவது ஆள் நம் சேனாபதி. ஈரோட்டுக்காரர், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேராசிரியர். ஃபுட்பால் என்று பெயர் வைத்துவிட்டுப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்களே என்பதை ஜீரணிக்கவே அவருக்கு ஒரு சீசன் ஆயிற்று. ஆனாலும் கணக்கு தெரியும். இந்த மனுஷன் தேறமாட்டார் என்றது கணக்கு. ஓட்டு மூன்றுக்கு மூன்று என்று நிற்கும்; எல்லாரும் சேனாபதியைப் பார்ப்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்! கிரீன் கார்டுக்காகப் பதின்மூன்று வருஷமாக வரிசையில் நிற்பவர். விசா முடியும்போதெல்லாம் முகம் தெரியாத யாரோ ஓர் அதிகாரி கொடுத்த எக்ஸ்டென்ஷனில்தான் வீடும் பிள்ளைகள் படிப்பும் ஓடின. இன்னொருவருக்கு அவகாசம் கிடையாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இன்னும் ஒரு வருஷம்" என்றார். அடுத்த நவம்பரிலும் அதையேதான் சொன்னார். கோச் இடுப்புவரை இறங்கினார், பிறகு மார்புவரை.

மூன்றாம் நவம்பரில் கோச் ஆளனுப்பி சேனாபதியைக் கூப்பிட்டார். இந்தத் தடவை வேண்டாமென்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சினார். முந்தைய கோச்சும் தொடைவரை புதைந்தவர்தானாம். வேலையைவிட்டு அனுப்பிய கடிதம் கைக்கு வந்ததும் மண் அவரை விட்டுவிட்டதாம். பேன்ட்டைத் தட்டிக்கொண்டு காருக்கு நடந்து போனாராம். தானாக ராஜினாமா எழுதியும் பார்த்தாயிற்று, மண் அசையவில்லை என்றார். சேனாபதிக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியம் செய்து கொடுத்தார்.

வீட்டில் அவர் மனைவி ஹம்சாவும் விடவில்லை. "நமக்கு எக்ஸ்டென்ஷன் வந்தா நல்லதுங்க. அந்த ஆளுக்கு அதுதாங்க வினையே. இன்னிக்காவது நோ சொல்லிட்டு வாங்க."

"சொல்லிடறேன் ஹம்சா. கண்டிப்பா சொல்லிடறேன்."

அன்றும் மூன்றுக்கு மூன்று. சேனாபதி எழுந்தார். வழியெல்லாம் காரில் சொல்லிப் பழகிய வார்த்தை தொண்டைவரை வந்தது. வாய் மட்டும் "இன்னும் ஒரு வருஷம்" என்றது. ஐயோ, நான் அதைச் சொல்ல வரவில்லை என்று பதறினார். பதிந்தது பதிந்ததுதான் என்று சொல்லிவிட்டு, குழுத் தலைவர் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சேனாபதி மைதானத்துக்கு ஓடினார். கோச்சின் மனைவி காரை ஓரமாக நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காமல், கணவனுக்கு வாங்கிய புது ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்தாள். போய் எஞ்சினை அணைத்தாள். டிக்கியிலிருந்து மடக்கு நாற்காலியை எடுத்துவந்து கணவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். சேனாபதி நின்று அழுதார். அழுது என்ன ஆகப்போகிறது?

அடுத்த செப்டம்பரில் முதல் ஆட்டம் மதியம் ஒரு மணிக்குத் தொடங்கியது, தோற்றார்கள். அக்டோபர் கடைசியில் கோச் கழுத்துவரை இறங்கியதும், புல்வெட்டுகிறவர் வந்து, யாரும் தெரியாமல் மிதித்துவிடக் கூடாதே என்று அவர் தலையைச் சுற்றி வெள்ளைப் பெயின்டால் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போனார்.